மனித மாண்பும் கடவுளின் சாயலும்

மனிதனுக்கு மதிப்பு எங்கிருந்து வருகிறது? கிறிஸ்தவம் தரும் பதில் எளிமையானது: கடவுள் அவனைத் தம் சாயலில் படைத்ததால். இந்த அஸ்திவாரத்தை எடுத்துவிட்டால் மாண்பு என்ற கட்டடமே சரிந்துவிடும் என்று வாதிடுபவர்கள் உண்டு.

1948-ல் பாரிஸில் இதே கேள்வி எழுந்தது. மனித உரிமைப் பிரகடனத்தின் முதல் பிரிவை ஐ.நா. குழு அலசிக்கொண்டிருந்தபோது, மனிதர்கள் கடவுளின் சாயலில் படைக்கப்பட்டவர்கள் என்று சேர்க்கச் சொன்னது பிரேசில். சீனப் பிரதிநிதி பி.சி. சாங் ஒப்பவில்லை. மனிதகுலத்தில் பெரும்பங்கு சீனர்கள், அவர்களுக்கும் தனி மரபு உண்டு, அதைப் பிரகடனத்தில் நுழைக்க நாங்கள் கேட்கவில்லையே என்பது அவர் வாதம். (நியாயமான பேச்சுதான்!) பிரேசில் திருத்தத்தைத் திரும்பப் பெற்றது. மாண்பில் எல்லோரும் சமம் என்று எழுதினார்கள். கடவுளைக் காரணமாக எழுதவில்லை. டிசம்பர் 10 அன்று 48 நாடுகள் ஆதரித்தன. எதிர்ப்பு ஒன்றுகூட இல்லை, 8 நாடுகள் ஒதுங்கிக்கொண்டன.

சரி, காரணம் சொல்லாமல் எத்தனை நாள் ஓட்டுவது? பகுத்தறிவு இருப்பதால்தான் மாண்பு என்றால், நேற்றுப் பிறந்த குழந்தைக்கு? நினைவு தப்பிப் படுத்திருக்கும் கிழவிக்கு? இந்த இடத்தில் மதம் சாராத வாதங்கள் பல திணறுகின்றன. 'கடவுளின் சாயல்' அவ்வளவு திணறுவதில்லை. அறிவையும் பலத்தையும் கணக்குப் பார்க்காமலே அது மதிப்புத் தந்துவிடுகிறது. இதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

ஆனால் அஸ்திவாரம் இருந்தும் கட்டடம் எழும்பாத கதையும் இருக்கிறதே... 1550-ல் ஸ்பெயினின் வல்லடோலிட் நகரில், அமெரிக்கப் பூர்வகுடிகளைப் போரால் அடக்குவது நியாயமா என்று செபுல்வெதாவும் லாஸ் காஸாஸும் வாதிட்டார்கள். இருவரும் கத்தோலிக்கர், இருவருக்கும் ஒரே பைபிள். இயல்பிலேயே அடிமையாக இருக்கத் தக்கவர்கள் உண்டு என்று அரிஸ்டாட்டிலைத் துணைக்கு அழைத்தார் செபுல்வெதா. அவர்களும் நம்மைப் போல முழு மனிதர்களே என்றார் லாஸ் காஸாஸ்.

அவர் அப்படிப் பேச வேதம் காரணமில்லையா? காரணம்தான். 1514-ல் கியூபாவில் ஒரு பிரசங்கத்துக்குத் தயாரானபோது, ஏழைகளிடம் பறித்ததைக் காணிக்கையாக்குவதைக் கண்டிக்கும் சீராக் நூலின் பகுதி அவரை உலுக்கியது. தன்னிடம் கட்டாய வேலை செய்துவந்த பூர்வகுடிகளை விட்டுவிட்டார். அதற்குள் அங்கே நடந்த படுகொலைகளையும் அவர் நேரில் பார்த்திருந்தார். அதே வேதத்தை மற்ற ஸ்பானியக் குடியேறிகளும் தேவாலயத்தில் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். பெரும்பாலோர் யாரையும் விடவில்லை.