ஆணியைப் பார், வாயைப் பார்

யாழ்ப்பாணத்துப் பழைய வீடுகளில் இரும்புப் பாக்குவெட்டி ஒன்று இன்னும் அகப்படும். செய்கிறவர்கள்தான் அகப்படமாட்டார்கள். வட்டுக்கோட்டையில், சித்தன்கேணிக்குப் போகும் பக்கமாக ஓர் ஒழுங்கையில், யாராவது கேட்டால் மட்டும் செய்து கொடுக்கும் கொல்லர் ஒருவர் இருக்கிறார் என்று கேள்விப்பட்டுப் போனேன். எங்கள் வீட்டுப் பழைய பாக்குவெட்டியையும் கொண்டுபோனேன். அது என்ன பெறும் என்று அறியும் ஆசை.

தகரக் கூரை போட்ட சிறிய பட்டறை. துருத்தி இருந்த இடத்தில் இப்போது மின்சார ஊதி. உலையில் சிரட்டைக்கரி. தோட்டக்காரரின் மண்வெட்டி, விறகு கொத்தும் கோடரி, கள்ளுச் சீவுகிறவர்களின் பாளைக்கத்தி ஆகியவைதான் நாளாந்தச் சோறு. மருமகன் சம்மட்டி போட, அவர் குறட்டால் இரும்பைப் பிடித்துத் திருப்பிக்கொண்டிருந்தார். கை ஓய்ந்ததும் என் பாக்குவெட்டியை வாங்கினார்.

"அண்ணை, இது என்ன பெறும்?"

"பெறுமதி கிடக்கட்டும் தம்பி. முதல்ல ஆணியைப் பாப்பம்."

இரண்டு கைப்பிடிகளையும் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்தார். மெல்லிய 'கிளிக்' சத்தம் கேட்டது. "ஆடுது. இப்பிடி ஆடினால் வாய் ஒரு பக்கம் சரியும். பாக்கு வெட்டுப்படாது, நொறுங்கும்." பிறகு வாயை மூடி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தார். மேலலகும் கீழ்க்கட்டையும் சேருமிடத்தில், ஆணிக்குக் கிட்ட, மயிரிழை அளவு வெளிச்சம் தெரிந்தது. அடுத்து ஒரு வெற்றிலையை வைத்து அழுத்தினார். நுனிப்பக்கம் சுத்தமாக அறுந்தது. அடிப்பக்கம் நரம்பு அறாமல் தொங்கியது. கடைசியாக நன்கு காய்ந்த கொட்டைப்பாக்கு. வெட்டுமுகத்தில் வெள்ளை ரேகையும் கபிலமும் கலங்காமல் தெரிந்தால் அலகு நல்லது. தூள் பறந்தால் அலகு மழுங்கல் அல்லது ஆணி தளர்வு. என்னுடையதில் தூள் பறந்தது.

கைப்பிடியில் இருந்த மயில் வேலையை அவர் ஒருமுறைகூடப் பார்க்கவில்லை.

புதிதாக ஒன்று எப்படிச் செய்கிறார் என்று கேட்டேன். லொறியின் பழைய ஸ்பிரிங் தகட்டை எடுத்துக் காட்டினார். அந்த உருக்கில் கரிச்சத்து போதிய அளவு இருப்பதால் வாய் பிடிக்கும். உருவத்தை அடித்து எடுப்பது பாதி வேலைதான். தோய்ச்சலில்தான் மற்றப் பாதி. அலகு செம்மஞ்சளுக்குப் போகாமல், நல்ல சிவப்பில் இருக்கும்போதே பழைய எஞ்சின் எண்ணெயில் இறக்குகிறார். அந்த நிலையில் அது மிகக் கடினம். கொட்டைப்பாக்கைக் கடித்தால் வாய் உதிரும். ஆகவே கரியைத் தேய்த்து இரும்பை வெளுப்பாக்கி, முதுகுப்பக்கத்தைத் தணல்மேல் பிடிக்கிறார். முதுகிலிருந்து நிறம் மெல்ல வாயை நோக்கி நகரும். வாயில் வைக்கோல் மஞ்சள் வந்து கபிலம் தொடங்கும் அந்தக் கணத்தில் எடுத்துக் குளிரவைத்துவிட வேண்டும். நீலம் வரும்வரை பார்த்துக்கொண்டிருந்தால் வாய் மெதுத்துப் போகும். இதற்குக் கடிகாரமும் இல்லை, வெப்பமானியும் இல்லை. பட்டறையின் ஒரு பக்கத்தை இருட்டாக வைத்திருப்பதே உலையில் இரும்பின் சிவப்புத் தெரியத்தான்.

ஆனால் சந்தை வேறு கணக்குப் பார்க்கிறது. பழம்பொருள் சேர்க்கிறவர்கள் முதலில் தேடுவது மயிலையும் யாளியையும்தான். அதன் பிறகு வயது, பிறகு யார் வீட்டுப் பொருள் என்ற வரலாறு. தளர்ந்த ஆணியை மாற்றினால் அவர்கள் விலையைக் குறைப்பார்கள். கொல்லரோ மாற்றாவிட்டால் அது பாக்குவெட்டியே அல்ல என்கிறார். பழைய துப்பாக்கிகளிலும் இதே வழக்குத்தான்: சுடக்கூடிய நிலை ஒரு கணக்கு, கை படாத பழைய பாகங்கள் வேறொரு கணக்கு. துப்பாக்கிக்காரருக்கு ஒரு வசதி உண்டு. குழலில் இலக்கமும் சோதனை முத்திரையும் இருக்கும். பர்மிங்காமின் துப்பாக்கிக் குழல் சோதனை நிலையம் 1813இலேயே தொடங்கிவிட்டது. எங்கள் பாக்குவெட்டியில் செய்தவன் பெயரும் இல்லை, ஆண்டும் இல்லை.

வரலாறு எழுதப்பட்டால் பொருளுக்கு என்ன நடக்கும் என்பதற்குக் கண்டியே சாட்சி. 1765இல் ஒல்லாந்தர் கண்டி அரண்மனையிலிருந்து அள்ளிச் சென்ற லெவ்கே பீரங்கி ஆம்ஸ்டர்டாம் அருங்காட்சியகத்தில் இருந்தது. அது எங்கிருந்து, எப்படி வந்தது என்று ஆராய்ந்து நிறுவிய பிறகே, 2023இல் இரண்டு சுவர்த்துப்பாக்கிகள் உட்பட்ட ஆறு பொருட்களில் ஒன்றாக இலங்கைக்குத் திருப்பித் தரப்பட்டது. கண்டிக் கைவினைஞரைப் பட்டறை பட்டறையாகத் தேடி எழுதியவர், தந்தை வழியில் யாழ்ப்பாணத் தமிழ்க் குடும்பத்தைச் சேர்ந்த ஆனந்த குமாரசுவாமி. 1908இல் வந்த அவருடைய பெருநூலே 425 பிரதிகள் மட்டும் அச்சான அரும்பொருள். வடபகுதிக் கொல்லருக்கு அப்படியொரு நூல் வாய்க்கவில்லை.

இனிச் செய்விப்பாரும் குறைவு. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004இல் பாக்கையே, புகையிலை சேராவிட்டாலும், மனிதருக்குப் புற்றுநோய் தரும் பொருட்களின் முதலாம் பிரிவில் சேர்த்தது. வெற்றிலைத் தட்டம் கலியாண வீட்டில் இருக்கும். வாயில் போடுகிறவர் சிலர்தான். அது நல்லதே. "பாக்குத் தின்னச் சொல்லி நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை. கேட்டால் செய்து குடுக்கிறன். ஒரு நாள் உலைக்குப் போகும், ஒரு நாள் அரத்துக்குப் போகும். அந்தக் கூலியைத் தந்தால் காணும்" என்றார்.

என் அபிப்பிராயம் இது. பாவிக்கும் பாக்குவெட்டி என்றால் கொல்லர் சொல்வதே சரி: ஆணியை மாற்றுங்கள், வாயைத் தீட்டுங்கள், மயிலுக்குக் காசு கொடுக்காதீர்கள். பாவனையில் இல்லாத பழையதென்றால் அரத்தாளோ அமிலமோ போடாமல் தேங்காயெண்ணெய்த் துணியால் துடைத்து வையுங்கள். இரண்டில் எதுவானாலும் ஒரு துண்டுக் கடதாசியில் யார் செய்தது, எந்த ஊர்ப் பட்டறை, யார் வாங்கியது என்று தெரிந்ததை எழுதி அதோடு கட்டிவிடுங்கள். சொல்லத் தெரிந்த பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதுங்கள்.