படம் இல்லாத டிவி

போன தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும்போது எங்கள் வீட்டு டிவியில் படம் போய்விட்டது. சத்தம் மட்டும் ஒரு குறையும் இல்லாமல் வந்துகொண்டிருந்தது. சீரியலில் மாமியார் மருமகளைத் திட்டுவது கேட்கிறது, ஆனால் திரை கரும்பலகை மாதிரி இருக்கிறது. அணைத்துப் போட்டேன். பிளக்கைப் பிடுங்கி மாட்டினேன். பக்கவாட்டில் லேசாக இரண்டு தட்டும் தட்டிப் பார்த்தேன். பழைய டிவிகள் அந்த வைத்தியத்துக்குக் கட்டுப்படும். இது படவில்லை.

2016-ல் துறைமுகத்திலிருந்து ஓய்வு பெற்ற கையோடு வாங்கிய 40 அங்குல எல்இடி டிவி அது. ஒன்பது வருடம் உழைத்திருக்கிறது. நம் ஊர் உப்புக்காற்றில் இரும்புக் கதவே ஐந்து வருடத்தில் பொரிந்துபோகிறது. அதைப் பார்த்தால் இது குறைந்த ஆயுள் அல்ல.

கம்பெனி சர்வீஸுக்குப் போன் போட்டோம். மூன்றாம் நாள் ஒரு பையன் வந்தான். பின்மூடியைக்கூடக் கழற்றவில்லை. "பேனல் போயிட்டு சார். மாத்தணும்னா பதினெட்டாயிரம் ஆகும். இந்த மாடலுக்குப் பேனல் வருமான்னும் சொல்ல முடியாது. பேசாம புதுசு வாங்கிருங்க" என்றான். வந்து போனதற்கு ஐந்நூறு ரூபாய் வாங்கிக்கொண்டு போய்விட்டான்.

அன்று ராத்திரியே பெங்களூரிலிருந்து மகன் பேசினான். "அப்பா, செப்டம்பர் 22-லிருந்து பெரிய டிவிக்கு ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதமாக் குறைஞ்சிருக்கு. தீபாவளி ஆஃபர் வேற. 43 இஞ்ச் ஸ்மார்ட் டிவி ஒண்ணு ஆர்டர் போடுறேன். பழசை எக்ஸ்சேஞ்ச்ல எடுத்துக்கிடுவான்" என்றான். அவன் சொன்ன கணக்கில் தப்பில்லை. என் வீட்டுக்காரி மட்டும், "புது டிவியில சேனல் போடவே படிக்கணும். பக்கத்து வீட்டுல ரிமோட்டைப் பார்த்துப் பேசிக்கிட்டு இருக்காங்க. அத்தைக்கு அதெல்லாம் முடியுமா?" என்றாள். அவள் சொன்னதும் நியாயம்தான்.

எக்ஸ்சேஞ்ச் என்ற சொல்லைக் கேட்டதும் எனக்கு அப்பா நினைப்பு வந்துவிட்டது.

நம் ஊருக்கு டிவி வந்த கதை என் வயதுக்காரர்களுக்கு நன்றாக நினைவிருக்கும். சென்னையில் தூர்தர்ஷன் 1975-லேயே வந்துவிட்டாலும் அந்த அலை தூத்துக்குடி வரை எட்டாது. 1982 பிப்ரவரியில் இலங்கையில் ரூபவாஹினி தொடங்கினார்கள். ஜப்பான் அரசு கொடுத்த உதவியில் வந்த நிலையம். அந்த நாட்டின் மிக உயரமான பிதுருதலாகல மலையின் உச்சியில் டிரான்ஸ்மிட்டரை வைத்திருந்தார்கள். நடுவில் பெரும்பகுதி கடல்தான். ஆகவே சென்னைப் படம் தெரியாத நம் ஊரில் சிங்களப் படம் தெரிந்தது. இலங்கை வானொலியில் தமிழ்ப் பாட்டுக் கேட்டு வளர்ந்த எங்களுக்கு அந்தத் திசைக்குக் காது ஏற்கெனவே பழகியிருந்தது. இப்போது கண்ணும் பழகியது.

அப்பா 1983-ல் சாலிடர் கறுப்பு வெள்ளைப் பெட்டி ஒன்று வாங்கினார். இழுக்கும் மரக் கதவும் பூட்டும் சாவியும் உண்டு. மொட்டை மாடியில் இரும்புக் குழாய் நட்டு, உச்சியில் ஏணி மாதிரி நீண்ட அலுமினிய ஆன்டெனா, அதற்கொரு பூஸ்டர். காற்றில்லாமல் புழுங்குகிற ராத்திரிகளில் படம் கண்ணாடி மாதிரி விழும். கடற்பரப்பின் மேல் காற்று அடுக்கு அடுக்காக நிற்கும்போது அலை வளைந்து வெகுதூரம் போகும் என்று பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டேன். வாடைக்காற்று வீசினால் ஆன்டெனா திரும்பிக்கொள்ளும். ஒருவர் மாடியில் குழாயைப் பிடித்துத் திருக, "வருதா?" என்று கேட்க, கீழேயிருந்து "புள்ளியா வருது! இன்னும் கொஞ்சம்! ஐயோ, போச்சு!" என்று கத்துவோம். சிங்களம் ஒரு சொல் புரியாமலே தெருவே உட்கார்ந்து பார்த்தது. பெட்டியின் சாவி அப்பாவின் இடுப்பில் இருக்கும். பிறகு கொடைக்கானல் டவர் வந்து, தூர்தர்ஷன் வந்து, மகாபாரதம் பார்த்ததும் அதே பெட்டியில்தான்.

1997-ல் அது மங்க ஆரம்பித்தது. பிக்சர் டியூப் தேய்ந்துவிட்டது. அப்பா திருச்செந்தூரில் சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்குப் போயிருந்த இரண்டு நாளில், எக்ஸ்சேஞ்ச் மேளா என்று போட்டிருந்த ஒரு கடையில் பெட்டியைக் கொடுத்து 21 அங்குலக் கலர் டிவி வாங்கி வைத்துவிட்டேன். அவரைச் சந்தோஷப்படுத்தலாம் என்று நினைத்தேன். வந்தவர் புது டிவியைப் பார்த்தார். இடுப்பிலிருந்து சாவியை எடுத்து அலமாரியில் வைத்தார். "என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்" என்றார். அதற்குமேல் ஒன்றும் பேசவில்லை. இரண்டு வருடத்தில் அவரும் போய்விட்டார். கலர் டிவியில் அவர் ஒரு நாளும் தானாக உட்கார்ந்து பார்த்து எனக்கு நினைவில்லை. அந்தச் சாவி இன்னும் என்னிடம் இருக்கிறது.

அதனால் இந்த முறை அவசரப்பட வேண்டாம் என்று மகனிடம் சொன்னேன். டபிள்யூ.ஜி.சி. ரோட்டுக்குப் பின்புறச் சந்தில் கடை வைத்திருக்கும் மெக்கானிக் தம்பியைக் கூப்பிட்டேன். எங்கள் மாடியில் அன்றைக்கு ஆன்டெனா நட்டவரின் மகன்தான் அவர். 2023 டிசம்பர் வெள்ளத்தை மறந்திருக்க மாட்டீர்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தண்ணீர் வடிந்த பிறகு தெருத்தெருவாக டிவியும் ஃபிரிட்ஜும் மெத்தையும் குவிந்து கிடந்தன. அப்போது இவர் வீடு வீடாகப் போய், "ஈரத்தோட பிளக் போட்ராதீங்க, காயட்டும், நான் வந்து பாக்கேன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். தேறாததைத் தேறாது என்று சொன்னார். தேறியதற்குச் சாமானுக்குண்டான காசு மட்டும் வாங்கினார். அந்த நம்பிக்கையில்தான் கூப்பிட்டேன்.

சாயங்காலம் வந்தார். டிவியைப் போட்டார். சத்தம் வந்தது. விளக்கை அணைக்கச் சொல்லி, டார்ச்சைத் திரைக்குப் பக்கத்தில் சாய்த்துப் பிடித்தார். "அண்ணாச்சி, குனிஞ்சு நல்லாப் பாருங்க" என்றார். பார்த்தேன். கிணற்றுக்குள் தெரிகிற மாதிரி, இருட்டுக்குள் மங்கலாக ஒரு பெண் பேசிக்கொண்டிருந்தாள்.

"படம் இருக்கு அண்ணாச்சி. பேனல் நல்லாத்தான் இருக்கு. பின்னால எரியுற லைட்டுதான் போயிட்டு."

அவர் விளக்கியதை எனக்குப் புரிந்தபடி சொல்கிறேன். இந்த டிவிகளில் திரை தானாக ஒளிராது. அதற்குப் பின்னால் நீளப் பட்டைகளில் சின்னச் சின்ன எல்இடி பல்புகள் இருக்கின்றன. அவை ஒன்றோடொன்று தொடராக இணைக்கப்பட்டவை. மாதா கோயில் திருவிழாவுக்குப் போடும் சீரியல் செட்டில் ஒரு பல்பு போனால் வரிசையே அணைகிறதல்லவா, அதே கதைதான். போன ஒரு பல்பை மட்டும் மாற்றினால் மற்றவை அடுத்தடுத்துப் போகும் என்பதால் பட்டைகளை மொத்தமாக மாற்ற வேண்டும். செலவு 2,800 ரூபாய், மூன்று மாதம் உத்தரவாதம். ஆனால் ஒரு சிக்கல் இருக்கிறது. பட்டைகளைத் தொட வேண்டுமானால் பேனலைக் கழற்றி எடுக்க வேண்டும். அது அப்பளம் மாதிரி. "ரெண்டு பேராத்தான் தூக்குவோம். இதுவரைக்கும் ரெண்டு தடவை ஒடைஞ்சிருக்கு. ஒடைஞ்சா என்னால புதுசு வாங்கித் தர முடியாது. யோசிச்சுச் சொல்லுங்க" என்றார்.

நான் யோசித்துக்கொண்டிருக்கும்போது அவர் அம்மாவைப் பார்த்தார். அம்மாவுக்கு 89 வயது. டிவிக்கு நேரே தன் நாற்காலியில் வழக்கம்போல் உட்கார்ந்திருந்தாள். இந்த ஆறு நாளும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தாள். சத்தமாவது கேட்கட்டும் என்று நாங்களும் போட்டு வைத்திருந்தோம்.

"ஆச்சி, படமே தெரியலையே, என்ன பாக்கிய?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார்.

"இப்ப மட்டுமா தெரியல? எனக்கு அது தெரிஞ்சு ரெண்டு வருசமாச்சு. சத்தம் கேக்குல்லா, அது போதும்" என்றாள் அம்மா.

எனக்குக் கொஞ்ச நேரம் ஒன்றும் ஓடவில்லை. ஆறு நாளாக நான், மனைவி, மகன் மூன்று பேரும் பழுது பார்ப்பதா, புதிது வாங்குவதா என்று பேசியிருக்கிறோம். அம்மாவுக்கு ரிமோட் பழகுமா என்றுகூடப் பேசினோம். அந்த டிவியை நாள் முழுக்கப் பார்ப்பவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. 1997-க்குப் பிறகு நான் படித்த பாடம் அவ்வளவுதான்.

ஜூலை 7-ம் தேதி திருச்செந்தூர் குடமுழுக்கை நேரலையில் காட்டினார்கள். அம்மா கைகூப்பிக்கொண்டு, "தண்ணி ஊத்திட்டாங்களா, ஊத்திட்டாங்களா" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். பக்திப் பரவசம் என்று நினைத்தோம். தெரியாமல்தான் கேட்டிருக்கிறாள். காப்பி டம்ளரைத் தடவி எடுப்பது, வாசலில் வருகிறவரிடம் "யாரு, பேசினாத்தானே தெரியும்" என்பது எல்லாவற்றையும் வயது என்ற ஒரே மூட்டையில் கட்டி வைத்துவிட்டோம். ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, "இந்த வயசுல எனக்கு என்ன கண்ணுக்கு வைத்தியம்? உங்களுக்கு வீண் செலவு" என்றாள். பழைய டிவிக்குச் செலவு செய்யலாமா என்று நாங்கள் அவள் காதுபடப் பேசிய நாட்களில், அவள் தன்னைப் பற்றியும் அதே கணக்கைப் போட்டிருக்கிறாள்.

டிவியை அப்படியே விட்டுவிட்டு, மறுநாள் காலை அம்மாவைத் திருநெல்வேலிக்குக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனோம். இடது கண்ணில் நீர் அழுத்தத்தால் நரம்பு போய்விட்டது, அது திரும்பாது என்றார்கள். முன்பே வந்திருந்தால் சொட்டு மருந்திலேயே தடுத்து நிறுத்தியிருக்கலாமாம். வலது கண்ணில் முற்றிய புரை. அதை எடுத்து லென்ஸ் வைத்தால் பார்வை வரும், வயது ஒரு தடையில்லை என்று டாக்டர் அம்மா சொன்னார். சர்க்கரை, ரத்த அழுத்தம் எல்லாம் பார்த்து நவம்பரில் ஆபரேஷன் நடந்தது. கால் மணி நேரம்கூட ஆகவில்லை.

அதற்கிடையில் மெக்கானிக் தம்பியிடம் "கழற்றுங்கள், உடைந்தால் என் பாடு" என்று சொல்லிவிட்டேன். தன் உதவியாளுடன் வந்து, கூடத்தில் போர்வையை விரித்து, நான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கப் பேனலைத் தூக்கி வைத்தார்கள். உடையவில்லை. பட்டைகளை மாற்றினார்கள். உள்ளே சர்க்யூட் போர்டில் உப்புக்காற்று ஏற்றியிருந்த பச்சைப் பூஞ்சணத்தை பிரஷ்ஷால் தேய்த்துத் துடைத்தார்கள். "பேக்லைட் வெளிச்சத்தை முழுசா வைக்காதீங்க. பாதிக்குக் கொஞ்சம் மேல வச்சாப் போதும், பல்பு நாள்பட உழைக்கும்" என்று சொல்லிப் போனார். இதை நீங்களும் செய்து பார்க்கலாம்.

டிவி விஷயத்தில் நான் தெரிந்துகொண்டதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சத்தம் இருந்து படம் இல்லையென்றால் முதலில் டார்ச் அடித்துப் பாருங்கள். மங்கலாகப் படம் தெரிந்தால் பெரும்பாலும் பேக்லைட் கோளாறுதான், சரிசெய்யலாம். சத்தம், படம், சிவப்பு விளக்கு எதுவுமே இல்லையென்றால் பவர் போர்டாக இருக்கலாம், அதுவும் பெரிய செலவில்லை. திரையில் விரிசலோ, விட்டுப்போகாத செங்குத்துக் கோடுகளோ இருந்தால் பேனல் போயிருக்க வாய்ப்பு அதிகம். பேனலுக்குச் செலவழிப்பதைவிடப் புதிது வாங்குவதே மேல். பின்மூடியைக் கழற்றாமல் தீர்ப்புச் சொல்கிறவரை நம்ப வேண்டாம், இன்னொருவரைக் கேளுங்கள். நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரில் 'பழுதுபார்க்கும் உரிமை' என்று ஒரு இணையதளமே தொடங்கியிருக்கிறது. கண் விஷயத்தில் தெரிந்துகொண்டது இன்னும் சுருக்கம். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் வருடம் ஒருமுறை கண்ணைக் காட்டுங்கள். அவர்களாகச் சொல்வார்கள் என்று காத்திருக்காதீர்கள்.

கட்டுப் பிரித்து, சொட்டு மருந்தெல்லாம் முடிந்து, அம்மா மறுபடி டிவி முன்னால் உட்கார்ந்தாள். தினமும் கேட்கிற சீரியலின் நாயகியைப் பார்த்து, "இவளா அவ? குரலைக் கேட்டு நல்லா வாட்டசாட்டமா இருப்பான்னுல்லா நெனைச்சேன்" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பிக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"நீ என்னய்யா, இவ்வளவு நரைச்சுப் போயிட்ட?"

மெக்கானிக் தம்பி கொடுத்த மூன்று மாத உத்தரவாதம் ஜனவரியோடு முடிந்துவிட்டது. டிவி ஓடிக்கொண்டிருக்கிறது. இன்னும் இரண்டு மூன்று வருடம் ஓடலாம் என்கிறார். பேனல் போனால் புதிது வாங்கத்தான் வேண்டும், மகனிடமும் சொல்லியிருக்கிறேன். எத்தனை அங்குலம் என்பதை மட்டும் அம்மாவிடம் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். இப்போதே கேட்டுப் பார்த்தேன். "இதைவிடப் பெரிசா வாங்கு" என்றாள்.