ஒரே வில்லன்... ரெண்டு பயம்!

'கேப் ஃபியர்' என்று ஒரு ஹாலிவுட் த்ரில்லர். 1962-ல் ஜே. லீ தாம்ஸன் கறுப்பு வெள்ளையில் எடுத்தார். 1991-ல் அதையே மார்ட்டின் ஸ்கார்செஸி கலரில் எடுத்தார். கல்லூரியில் படிக்கும் என் மகளும் நானும் இரண்டையும் அடுத்தடுத்த ராத்திரிகளில் பார்த்தோம்.

கதை சின்னதுதான். ஜெயிலிலிருந்து வெளியே வரும் மேக்ஸ் கேடி, தான் உள்ளே போகக் காரணமான வக்கீல் சாம் பவுடனைத் தேடி வருகிறான். அவர் மனைவியையும் மகளையும் சுற்றிச் சுற்றி வருகிறான். சட்டத்தில் சிக்காமல் மிரட்டுவதால் போலீஸும் கையைப் பிசைகிறது.

பழைய கேடி ராபர்ட் மிட்சம். தொப்பியும் சுருட்டுமாக, பாதிக் கண் மூடி அவர் சும்மா நின்றாலே வயிற்றைக் கலக்குகிறது. புதிய கேடி ராபர்ட் டி நீரோ. உடம்பெல்லாம் பச்சை, வாயைத் திறந்தால் பைபிள் வசனம். மிரட்டலில் என் ஓட்டு மிட்சமுக்கே!

ஆனால், எங்களைத் தூங்கவிடாதது வக்கீல்தான். பழைய படத்தில் கிரிகரி பெக் வெறும் சாட்சி. ஒரு பெண்ணை கேடி தாக்கியதைக் கண்ணால் பார்த்தார், கோர்ட்டில் சொன்னார். நல்லது செய்தவருக்கா இந்த கதி என்று பதறுகிறோம். புதிய படத்தில் நிக் நோல்டி, கேடிக்காகவே வாதாடிய வக்கீல். பாதிக்கப்பட்ட பெண்ணின் நடத்தை பற்றிய ஓர் அறிக்கையை, அது வெளியே வந்தால் கேடியின் தண்டனை குறையும் என்று மறைத்துவிட்டவர். எழுதப் படிக்கத் தெரியாத கேடி, 14 வருஷ ஜெயில் வாழ்க்கையில் சட்டமே படித்து அதைக் கண்டுபிடிக்கிறான்.

"மறைச்சது சரிதானேப்பா? அந்தப் பொண்ணு எப்படி இருந்தா என்ன, பண்ணினது குத்தம்தானே?" என்றாள் மகள்.

"சரி, நாளைக்கு நாம நம்பிப் போற வக்கீல் நமக்கு இப்படிப் பண்ணினா?" என்றேன்.

"நீங்க அந்த மாதிரி தப்பு பண்ண மாட்டீங்க."

"அதை யாரு முடிவு பண்றது? வக்கீலா, கோர்ட்டா?"

நள்ளிரவு தாண்டியும் இருவரும் விட்டுக்கொடுக்கவில்லை. ஒரு ரீமேக் இப்படிப் பேசவைத்தால், அது வெறும் காப்பி இல்லை.

பழசையே முதலில் பாருங்கள். அப்போதுதான் புதிய படத்தில் பெக்கும் மிட்சமும் சின்ன வேடங்களில் தலைகாட்டும்போது ரசிக்க முடியும். பெக் வருவது, கேடியின் வக்கீலாக! ஒன்று மட்டும்... புதுசில் வன்முறை அதிகம். குழந்தைகளைத் தூங்கவைத்துவிட்டுப் பாருங்கள்.