அலிஜாவும் எங்கள் வீட்டு நேயர்களும்

நாடகம் பார்ப்பதைப் பற்றி மேடைகளிலும் பெண்கள் பயானிலும் நான் பேசியவை சிலருக்கு நினைவிருக்கும். அதனால் இந்தக் கட்டுரையைத் தொடங்கவே கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. சென்ற மாதம் ஆறு இரவுகள், இஷாவுக்குப் பிறகு, எங்கள் வீட்டில் எல்லோருமாக உட்கார்ந்து ஒரு தொலைக்காட்சி நாடகத்தைப் பார்த்து முடித்தோம். பார்க்க வைத்தவனும் நான்தான்.

நாடகத்தின் பெயர் 'அலிஜா'. துருக்கியின் அரச தொலைக்காட்சியான டி.ஆர்.டி. 2018ஆம் ஆண்டு ஆறு பாகங்களாக வெளியிட்டது. போர்க்காலத்தில் பொஸ்னியாவின் ஜனாதிபதியாக இருந்த அலிஜா இஸ்ஸத் பெகோவிச்சின் வாழ்க்கையே கதை. அவராக நடித்தவர் ஹாலுக் பில்கினர். 2019இல் வேறொரு நாடகத்துக்காக சர்வதேச எம்மி விருது பெற்ற பெரிய நடிகர். அடியில் அரபு எழுத்து ஓடும் பிரதி ஒன்றை என் மாணவன் ஒருவன் கொண்டு வந்து தந்தான்.

எனக்கு அந்தப் பெயர் மீது ஒரு பழைய பாசம் உண்டு. 1990களின் நடுவில் நான் அரபுக் கல்லூரியில் ஓதிக்கொண்டிருந்தேன். உஸ்தாத் அவர்கள் பொஸ்னியா மக்களுக்காக குனூத் ஓதுவார்கள். நாங்கள் பின்னால் நின்று ஆமீன் சொல்வோம். அந்த நாடு உலகப் படத்தில் எந்தப் பக்கம் இருக்கிறது என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. உஸ்தாதின் குரல் உடைவதை மட்டும் கேட்டோம்.

முதல் இரவே ஒரு பிரச்சினை வந்தது. அரபு எழுத்தை வாசிக்கத் தெரிந்தவன் வீட்டில் நான் ஒருவன்தான். உம்மாவுக்கு ஓதத் தெரியும், பொருள் தெரியாது. ஆகவே ஒவ்வொரு வரியையும் நான் தமிழில் சொல்ல வேண்டியிருந்தது. சொல்லும்போது என் பழக்கம் விடுமா? அவர் ஒரு வார்த்தை பேசினால் நான் மூன்று வார்த்தை சேர்த்தேன். இரண்டாம் நாள் என் மனைவி பொறுக்காமல் சொன்னார்: "நீங்க பயான் பண்ணாதீங்க. அந்த மனிசன் சொன்னத மட்டும் சொல்லுங்க." அதற்குப் பிறகு கொஞ்சம் அடக்கிக்கொண்டேன்.

மகளுக்கு வயது பதினாறு. வாளும் குதிரையுமாக வரும் துருக்கி நாடகங்களைப் பார்த்துப் பழகியவள். "வாப்பா, இவர் என்ன தலைவர்? கண்ணாடி போட்ட ஸ்கூல் சேர் மாதிரி இருக்கிறாரே" என்றாள். அவள் சொன்னதில் உண்மை இருக்கிறது. அலிஜா படை நடத்திப் பழகியவர் அல்ல. சட்டம் படித்தவர். 1925இல் பிறந்த அவரை, இளைஞர் இயக்கமொன்றில் இருந்த குற்றத்துக்காக 1946இல் கம்யூனிச அரசு மூன்று வருடம் சிறையில் வைத்தது. 1983இல், 58ஆம் வயதில், எழுத்துக்காகவும் பேச்சுக்காகவும் மீண்டும் வழக்கு வந்தது. 14 வருடத் தண்டனை. 1988இல் விடுதலையானார். இரண்டு வருடத்தில் தேர்தலில் வென்று நாட்டின் தலைமைப் பொறுப்புக்கு வந்தார். 1992 ஏப்ரலில் சரயேவோ நகரம் முற்றுகையிடப்பட்டது. அது நீங்க 1996 பெப்ரவரி ஆயிற்று. 1,425 நாட்கள். நகரத்தில் மட்டும் கொல்லப்பட்டவர்களின் கணக்காக 2012ஆம் ஆண்டு வீதியில் 11,541 சிவப்பு நாற்காலிகளை வெறுமையாக வைத்தார்கள். சிறு பிள்ளைகளுக்கென்று அதில் சின்ன நாற்காலிகளும் இருந்தன. இதைச் சொன்னதும் மகள் குதிரையைப் பற்றிக் கேட்கவில்லை.

மனைவியின் மனம் சபீனாவிடம் நின்றது. சபீனா அலிஜாவின் மகள். 1992 மே 2ஆம் திகதி லிஸ்பன் பேச்சுவார்த்தையிலிருந்து தந்தையும் மகளும் திரும்பி வந்தபோது, விமான நிலையம் யூகோஸ்லாவிய இராணுவத்தின் கையில் இருந்தது. இருவரையும் பிடித்துக்கொண்டார்கள். அன்றிரவு அலிஜாவின் குரல் தொலைபேசி வழியாக சரயேவோ தொலைக்காட்சிச் செய்தியில் நேரடியாகக் கேட்டது. தங்கள் ஜனாதிபதி கைதியாக இருப்பதை நாடே அப்படித்தான் அறிந்தது. "அந்தப் புள்ளட உம்மா வீட்டில இருந்து இதைக் கேட்டிருப்பாவே" என்றார் என் மனைவி. நான் ஜனாதிபதியைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன். எனக்கு அந்த உம்மா நினைவுக்கே வரவில்லை.

மறுநாள் கைதிகளை மாற்றிக்கொண்டார்கள். நகரத்துக்குள் இருந்த இராணுவத் தளபதியும் படையினரும் பத்திரமாக வெளியேறலாம், பதிலுக்கு அலிஜா விடுதலை என்பது ஏற்பாடு. ஆனால் வெளியேறிச் சென்ற வாகனங்கள் மீது வழியில் தாக்குதல் நடந்தது. படையினர் சிலர் கொல்லப்பட்டனர். சேர்பிய மக்கள் அதை இன்றும் மறக்கவில்லை. இதையும் வீட்டில் சொன்னேன். நாடகம் பார்ப்பவர்களுக்கு ஒரு பக்கம் மட்டும் தெரிந்தால் போதும் என்று எனக்குத் தோன்றவில்லை.

என் அபிப்பிராயம் என்னவென்று கேட்டால், எனக்கு நாடகம் பிடித்தது, முழுமையாக அல்ல. நேசிக்கிறவர்கள் எடுத்த படம் அது. பொஸ்னிய முஸ்லிம்களில் பலர் அவரைப் பாட்டனார் என்ற பொருளில் 'டெடோ' என்றுதான் அழைத்தார்கள். ஆனால் அவர்களிலேயே ஒரு கூட்டம் 1993இல் ஃபிக்ரத் அப்டிச்சின் பின்னால் சென்று அவரது படைக்கு எதிராகவே துப்பாக்கி தூக்கியது. சேர்பியர்களோ அவர் 1970இல் எழுதிய 'இஸ்லாமியப் பிரகடனம்' நூலைக் காட்டி இன்றுவரை குற்றம் சாட்டுகிறார்கள். அது முஸ்லிம் உலகத்தின் பொதுவான நிலையைப் பற்றிய நூல். பொஸ்னியாவை இஸ்லாமிய அரசாக்கும் திட்டம் அல்ல. அந்தக் குற்றச்சாட்டை நான் ஏற்கவில்லை.

ஏற்க வேண்டிய ஒன்று உண்டு. வெளிநாடுகளிலிருந்து போராட வந்தவர்களில் சிலர், தங்கள் கையில் அகப்பட்ட கைதிகளைக் கொடுமைப்படுத்தினார்கள். அதைத் தடுக்கவும் தண்டிக்கவும் தவறியதற்காக அலிஜாவின் படைத்தளபதி ரசீம் டெலிச்சுக்கு ஹேக் நீதிமன்றம் 2008இல் மூன்று வருடத் தண்டனை விதித்தது. கைதிக்கு உணவளிப்பவர்களைக் குர்ஆன் புகழ்கிறது. மதரஸாவில் அந்த சூராவைப் பிள்ளைகளுக்குப் பாடமாக்கிக் கொடுக்கிறவன் நான். ஸ்ரெப்ரெனிக்காவில் 1995 ஜூலையில் எட்டாயிரத்துக்கும் அதிகமான ஆண்களும் சிறுவர்களும் கொல்லப்பட்ட கொடுமைக்குப் பக்கத்தில் இதை வைத்து எடை போட முடியாதுதான். என்றாலும் நம்முடையது நம்முடையதுதான்.

உம்மா ஆறு நாளும் அதிகம் பேசவில்லை. தஸ்பீஹ் கையில் உருண்டுகொண்டிருக்கும். கடைசி இரவுதான் கேட்டார்கள்: "சண்டை எப்படி மகன் முடிஞ்சது?"

1995 நவம்பரில் அமெரிக்காவின் டேட்டன் என்ற இடத்தில் பேசி, டிசம்பரில் பாரிஸில் கையெழுத்திட்டார்கள் என்றேன். நாட்டில் நூற்றுக்கு 51 பங்கு முஸ்லிம்களும் குரோஷியர்களும் சேர்ந்த பகுதிக்கு, 49 பங்கு சேர்பியப் பகுதிக்கு. ஸ்ரெப்ரெனிக்கா சேர்பியப் பகுதிக்குள் போயிற்று. அலிஜா பிறந்த ஷமாட்ஸ் ஊரும் அப்படித்தான். இது நீதியான சமாதானம் அல்ல, ஆனால் யுத்தம் தொடர்வதைவிட நீதியானது என்ற கருத்தில் அவர் மக்களிடம் பேசினார்.

"அப்ப அந்த ஆக்கள் அவங்கட ஊருக்குத் திரும்பிப் போனாங்களா?"

மொழிபெயர்ப்பாளனுக்கு ஒரு வசதி உண்டு. 'போனார்கள்' என்று ஒரு சொல்லில் முடித்திருக்கலாம். சொல்ல வாய் எடுத்தேன். மனைவி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எங்கள் ஊர் மன்னார்த் தீவின் எருக்கலம்பிட்டி. 1990 ஒக்டோபர் இறுதியில் வடக்கு முஸ்லிம்கள் எல்லோரும் வெளியேற்றப்பட்டபோது எனக்குப் பத்து வயது. தோணியில் கற்பிட்டிக்கு வந்து இறங்கினோம். அன்று காலை அப்பத்துக்கு அரிசி ஊறப் போட்டிருந்ததை உம்மா இன்றும் சொல்வார்கள். வீட்டை விட அந்த அரிசியைப் பற்றித்தான் அதிகம் சொல்வார்கள்.

ஆகவே உள்ளதைச் சொன்னேன். திரும்பிப் போகும் உரிமை ஒப்பந்தத்தில் எழுதப்பட்டது. சிலர் போனார்கள், பலர் போகவில்லை. பிள்ளைகள் வேறு ஊரில் வளர்ந்துவிட்டார்கள், பழைய ஊரில் தொழில் இல்லை, அயலில் யார் இருக்கிறார்களோ என்ற பயம். பிறகு, ஒரு நல்ல செய்தியும் இருக்கட்டும் என்று பன்யா லூக்கா நகரத்தின் ஃபர்ஹாதியா பள்ளிவாசலைப் பற்றிச் சொன்னேன். 1993 மே மாதம் வெடி வைத்துத் தகர்க்கப்பட்ட 16ஆம் நூற்றாண்டுப் பள்ளி. 2001இல் மீண்டும் கட்ட அடிக்கல் நாட்ட வந்தபோது ஒரு கூட்டம் கல்லெறிந்து கலைத்தது. என்றாலும் கட்டினார்கள். 2016 மே 7ஆம் திகதி திறந்தார்கள். கைத்தொலைபேசியில் படத்தைக் காட்டினேன்.

உம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்கள்.

"பள்ளி வந்திட்டுது. தொழ ஆக்கள்?"

"கொஞ்சப் பேர் இருக்கிறாங்க உம்மா. முந்தி மாதிரி இல்ல."

"அது சரி" என்று தொலைபேசியைத் திருப்பித் தந்தார்கள். பிறகு, "அந்த மனிசன் எப்ப மௌத்தானார்?" என்று கேட்டார்கள். 2003 ஒக்டோபர் 19 என்றேன். சரயேவோவில், கொவாச்சி மையவாடியில், போரில் இறந்தவர்களோடு அடக்கம் செய்தார்கள். அதற்கு மூன்று வருடம் முந்தியே உடல்நலத்தைச் சொல்லிப் பதவியைத் தானாக விட்டுவிட்டார் என்றதும், "விட்டாரா?" என்று மனைவிதான் ஆச்சரியப்பட்டார்.

உம்மா படுக்கப் போகும்போது வாசலில் நின்று, "ஊருக்குப் போய் ரெண்டு வருசமாகுது மகன். கிணத்தை இறைச்சிருக்கிறாங்களா தெரியல்ல" என்றார்கள்.

சனிக்கிழமை சுபஹ் தொழுதுவிட்டுப் புறப்பட இருக்கிறோம். வேனுக்குச் சொல்லியாயிற்று. மகளும் வருகிறாள்.