காத்திருக்கத் தெரிந்த பட்டறை

கலிபோர்னியாவின் ஓக்லண்ட் நகரில், 24ஆம் தெருவில், ஒரு காலத்தில் கார் பழுதுபார்த்துக்கொண்டிருந்த கட்டடம் இது. இப்போது ‘கிரியேட்டிவ் குரோத்’ கலைக்கூடம். உள்ளே நுழைந்ததும் ஈரக் களிமண் வாசமும் பெயின்ட் வாசமும் சேர்ந்து வருகின்றன. உயரமான கூரை, நீள நீளமான மேசைகள். ஆட்டிசம், டவுன் சிண்ட்ரோம், அறிவுவளர்ச்சிக் குறைபாடு, உடல் குறைபாடு உள்ளவர்கள் நூற்றுக்கும் மேற்பட்டோர் இங்கே வந்து வேலை செய்கிறார்கள். எல்லோரும் பெரியவர்கள்.

ஒரு பக்கம் மரவேலை, இன்னொரு பக்கம் களிமண். நடுமேசையில் ஒரு பெண்மணி பச்சை மார்க்கரால் ஜன்னல் ஜன்னலாக வரைந்து தாளை நிரப்பிக்கொண்டிருக்கிறார். உதவியாளர் ஒருவர் வந்து, மை தீர்ந்த மார்க்கரை எடுத்துவிட்டுப் புதிதாக ஒன்றை வைத்துவிட்டு நகர்கிறார். தாளைத் திரும்பிப் பார்த்து ஒரு யோசனையும் சொல்லவில்லை. இங்கே உதவி செய்பவர்களும் ஓவியர்கள், சிற்பிகள்தான். பொருள் எடுத்துக் கொடுப்பார்கள், கருவியைப் பிடிக்கும் விதம் காட்டுவார்கள். எதை வரைவது, எந்த நிறம் பூசுவது என்பதில் தலையிடுவதில்லை.

1974இல் உளவியலாளர் எலியாஸ் கட்ஸும் அவர் மனைவி, ஓவியர் ஃப்ளாரன்ஸ் லூடின்ஸ்-கட்ஸும் பெர்க்லியில் தங்கள் வீட்டு கார் ஷெட்டில் தொடங்கியது இது. மாநிலத்தின் பெரிய காப்பகங்களிலிருந்து மனிதர்கள் வெளியே அனுப்பப்பட்டுக்கொண்டிருந்த காலம். வெளியே வந்தவர்களுக்குப் பகலில் போய் உட்கார ஓர் இடம் இல்லை. டுவைட் மாக்கின்டாஷ் என்பவர் 56 ஆண்டுகள் காப்பகங்களில் கழித்துவிட்டு, 1978இல், எழுபது வயதைக் கடந்த பிறகு இங்கே வந்தார். ஒன்றன்மேல் ஒன்றாகக் கோடுகள் ஓடும் மனித உருவங்களும், யாராலும் படிக்க முடியாத நீண்ட கையெழுத்துமாக, 1999இல் இறக்கும்வரை வரைந்துகொண்டே இருந்தார்.

நூல்கண்டுகள் அடுக்கிய அலமாரிக்கு முன்னால் நெடுநேரம் நிற்கிறேன். ஜூடித் ஸ்காட்டை நினைக்காமல் இந்த அலமாரியைப் பார்க்க முடியாது.

1943இல் ஒஹாயோ மாநிலத்தில் இரட்டையரில் ஒருவராகப் பிறந்தவர் ஜூடித். டவுன் சிண்ட்ரோம் இருந்தது. காதும் கேட்கவில்லை; அதைப் பல பத்தாண்டுகள் யாரும் கண்டுபிடிக்கவில்லை. வாய்மொழியாகக் கேட்ட கேள்விகளுக்குப் பதில் வராததால், படிக்கவைக்கத் தகுதியற்றவர் என்று எழுதிவிட்டார்கள். ஏழு வயதில் காப்பகத்துக்குப் போனவர், முப்பத்தைந்து ஆண்டுகள் உள்ளேயே இருந்தார். உடன்பிறந்த ஜாய்ஸ் 1980களின் நடுவில் சட்டப்படி பொறுப்பேற்று, கலிபோர்னியாவுக்கு அழைத்துவந்து, 1987இல் இந்தக் கூடத்தில் சேர்த்தார்.

சேர்த்ததும் அற்புதம் எதுவும் நிகழ்ந்துவிடவில்லை. ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள், கொடுத்த தாளில் அக்கறையில்லாமல் ஏதோ கிறுக்கினார். இந்த இடத்தைப் பற்றிச் சொல்லவேண்டிய முதல் செய்தி இதுதான் என்று நினைக்கிறேன். பலனைக் காட்டு என்று கேட்கும் நிறுவனமாக இருந்தால் ஆறாவது மாதமே அவர் பெயரை அடித்திருக்கும். இங்கே அவருடைய நாற்காலி அவருக்காகவே இருந்தது.

பிறகு, நூல்கலைஞர் சில்வியா செவன்டி ஒரு பயிற்சிக்காக வந்திருந்தபோது, ஜூடித் நூலைக் கையிலெடுத்தார். சொல்லிக்கொடுத்ததைச் செய்யாமல், கிடைத்த பொருளை எடுத்துச் சுற்றத் தொடங்கினார். நாற்காலி, மின்விசிறி, கடைத் தள்ளுவண்டி என்று எது அகப்பட்டாலும் நூலுக்குள் போய் மறைந்தது. ஒவ்வொன்றும் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் வளர்ந்து, பெரிய தூக்கணாங்குருவிக் கூடு மாதிரி ஆனது. ஒரு சமயம் நூல் கிடைக்காமல் போனபோது, கை துடைக்கும் காகிதத்தை முறுக்கி, முடிச்சுப் போட்டு, வெள்ளை வெளேரென்று ஒரு சிற்பம் செய்துவிட்டார். எனக்கு அவருடைய வேலைகளில் மிகப் பிடித்தது அதுதான். வண்ணம் எதுவும் இல்லாததால், கை எங்கே இழுத்தது, எங்கே தளர்த்தியது என்று ஒவ்வொரு முடிச்சிலும் தெரிகிறது. 2005இல் இறப்பதற்குள் இருநூறு சிற்பங்கள் வரை செய்தார். புரூக்ளின் அருங்காட்சியகம் 2014இல் அவற்றைத் தனிக் கண்காட்சியாக வைத்தது.

கூடத்தை ஒட்டியே காட்சியறை. வரைபவர்களும் வாங்க வருபவர்களும் ஒரே கட்டடத்துக்குள் நடமாடுகிறார்கள். இந்தக் கூடத்துக் கலைஞர் டான் மில்லரின் வேலைகளை முதலில் அச்சில் பார்த்தபோது கரும்புகையாகத்தான் தெரிந்தன. கிட்டே போய்ப் பார்த்தால் எல்லாம் எழுத்து. சொல்லின்மேல் சொல், எண்ணின்மேல் எண் என்று, படிக்க முடியாத அடர்த்தி வரும்வரை எழுதுகிறார். 2017 வெனிஸ் பியனாலே கலைக் கண்காட்சியில் அவர் படைப்புகளும் ஜூடித் ஸ்காட்டின் படைப்புகளும் இடம்பெற்றன. இந்த வரலாறெல்லாம் தெரியாமல் நின்று பார்த்தாலும் அந்தத் தாள்கள் ஆளைப் பிடித்து நிறுத்திவிடும். படத்துக்குப் பக்கத்தில் முதலில் குறைபாட்டின் பெயரை ஒட்டிவைக்கும் கண்காட்சிகள் பார்வையாளரிடமிருந்து இதைத்தான் பறித்துக்கொள்கின்றன. பெயர், ஆண்டு, எதில் செய்தது: மற்ற ஓவியர்களுக்கு இது போதும் என்றால் இவர்களுக்கும் போதும். வாழ்க்கைக் கதையை விரும்பியவர்கள் பிறகு படிக்கட்டும்.

விரிகுடாவின் மறுகரையில் இருக்கும் சான் பிரான்சிஸ்கோ நவீனக் கலை அருங்காட்சியகம், கூடத்தின் ஐம்பதாம் ஆண்டையொட்டி, இங்கே உருவான நூற்றுக்கும் மேற்பட்ட படைப்புகளை விலைக்கு வாங்கி, 2024இல் கண்காட்சியும் வைத்தது. நன்கொடையாகக் கேட்காமல் காசு கொடுத்து வாங்கியது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது.

இங்கே விற்பனைத் தொகையில் பாதி கலைஞருக்கு. தனியார் கேலரிகளில் உள்ள அதே வழக்கம். ஆனால் அந்தப் பாதி கைக்கு வரும்போது வேறொரு சிக்கல் தொடங்குகிறது. அமெரிக்காவில் மாற்றுத்திறனாளிகள் பலர் எஸ்எஸ்ஐ என்ற மத்திய அரசு உதவித்தொகையை நம்பி வாழ்கிறார்கள். அதைப் பெறும் தனிநபர் 2,000 டாலருக்கு மேல் சேமிப்பு வைத்திருக்கக் கூடாது. நன்றாக விற்கும் ஓர் ஓவியம், வரைந்தவரின் மாதாந்திர உதவிக்கே உலை வைக்கலாம். 2014இல் வந்த ஏபிள் சட்டப்படி தனிக் கணக்கு தொடங்கி, வரம்பில் சேராமல் கொஞ்சம் சேமிக்க வழி உண்டு. அதைத் தொடங்கவும் நடத்தவும் பெரும்பாலும் குடும்பத்தில் ஒருவர் துணை நிற்கவேண்டும். வயதான பெற்றோரை இழந்தவர்களுக்கு அந்த ஒருவர் யார்?

அந்த 2,000 டாலர் 1989இல் நிர்ணயித்தது. அதன் பிறகு ஒரு டாலர்கூட ஏறவில்லை. வரம்பை 10,000 டாலராக்கும் மசோதாவை இரு கட்சி உறுப்பினர்களும் சேர்ந்து ஒன்றுக்கு மேற்பட்ட முறை நாடாளுமன்றத்தில் கொண்டுவந்தார்கள். அது இன்னும் சட்டமாகவில்லை.