கடைசி வண்டி யாருடையது?

குடும்பத்தோடு ஊர் சுற்றக் கிளம்புவதென்றால் நம் வீடுகளில் ஏற்பாடு எப்படி நடக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். எந்த ரயில், எத்தனை டிக்கெட், புளியோதரையா தயிர்சாதமா, ஊரில் இல்லாத நாட்களில் பால்காரனுக்கு யார் சொல்வது – இந்த நாலு கேள்விக்கும் பதில் கிடைத்துவிட்டால் பிரயாணம் பாதி முடிந்த மாதிரிதான். போகிற இடத்தில் தண்ணீர் இருக்குமா என்று ஒருவரும் கேட்பதில்லை. இருக்கும் என்றே வைத்துக்கொள்கிறோம்.

ஆஸ்திரேலியாவில் அடிலெய்டு நகரத்தில் இருக்கும் என் பெண் வீட்டுக்கு வந்த பிறகுதான், எட்டு நாள் பிரயாணத்துக்கு மூன்று மாதம் முன்னதாகத் திட்டம் போடுவதையும், அந்தத் திட்டத்தின் முதல் வரியிலேயே தண்ணீர் நிற்பதையும் பார்த்தேன்.

மூன்று குடும்பங்கள், மூன்று வண்டிகள். ஜூலை மாதப் பள்ளி விடுமுறையில் பாலைவனத்தின் ஓரமாக ஒரு பழைய பாதையில் போய்விட்டு வருவதாக உத்தேசம். "ஜூலையில் பாலைவனமா!" என்று பதற வேண்டாம். இங்கே ஜூலை குளிர்காலம். பகலில் வெயில் இதமாக இருக்கும். ராத்திரியில் இரண்டு கம்பளி வேண்டும். கோடையில் 40 டிகிரிக்கு மேல் காய்கிற சீமை அது. அந்த மாதங்களில் விவரம் தெரிந்தவர்கள் அந்தப் பக்கம் தலை வைத்தும் படுப்பதில்லை.

வண்டிகளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். உள்ளே படுக்கை, அடுப்பு, சிறிய குளிர்பெட்டி, பாத்திரம் கழுவத் தொட்டி எல்லாம் வைத்த வேன்கள் இவை. நின்ற இடம் வீடு. சாதாரண வண்டியில் இரண்டு சக்கரங்களைத்தான் என்ஜின் சுழற்றும். மற்ற இரண்டும் சும்மா கூட வரும். இந்த வண்டிகளில் நாலு சக்கரமும் இழுக்கும். ஒரு ஜோடி மாட்டுக்குப் பதிலாக இரண்டு ஜோடி பூட்டிய மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். மணலிலும் கூழாங்கல்லிலும் அது இல்லாமல் கஷ்டம்.

எங்கள் வீட்டு வண்டி, ஜப்பானிலிருந்து இரண்டாம் கையாக வந்த மிட்சுபிஷி டெலிகா. மாப்பிள்ளையின் சிநேகிதர், கோயமுத்தூர்க்கார இளைஞர், கடன் வாங்கி ஒரு மெர்சிடிஸ் வண்டி வைத்திருக்கிறார்; புத்தம் புதிது. மூன்றாவது வண்டி, பக்கத்துத் தெருவில் இருக்கும் யாழ்ப்பாணத் தம்பதியினுடையது. 1980-களில் ஆஸ்திரியா தேசத்துக் கிராட்ஸ் நகரத்தில் நாலு சக்கர இழுப்போடு பூட்டப்பட்ட வோக்ஸ்வாகன். என்ஜின் பின்பக்கம் இருக்கும். பின்சக்கரம் வழுக்க ஆரம்பித்தால் யாரும் ஒன்றும் செய்யாமலே முன்சக்கரங்களுக்குப் பலம் போகும். கெட்டிக்கார வண்டிதான், ஆனால் வயது நாற்பதை நெருங்குகிறது. மேட்டில் ஏறும்போது பெருமூச்சு விடும். அதை ஓட்டும் பெரியவருக்கோ அறுபத்தெட்டு. இரண்டு வருஷத்துக்கு முன் இருதயத்தில் ஆபரேஷன் ஆனவர்.

போகிற பாதைக்கு ஊட்னடாட்டா டிராக் என்று பெயர். மாரீ என்ற சிற்றூரிலிருந்து மார்லா என்ற சிற்றூர் வரை சுமார் 620 கிலோமீட்டர், தார் இல்லாத மண் ரோடு. இடையில் வில்லியம் கிரீக், ஊட்னடாட்டா என்று இரண்டே ஊர். ஒவ்வொரு ஊருக்கும் நடுவே ஏறக்குறைய 200 கிலோமீட்டர். பெட்ரோலும் டீசலும் அந்த ஊர்களில்தான். பழைய ரயில் பாதையும், 1872-ல் முடிந்த தந்திக் கம்பி வரிசையும் இதே வழியில்தான் போயின. காரணம், பூமிக்கடியிலிருந்து தானே பொங்கும் ஊற்றுகள் இங்கே வரிசையாக இருக்கின்றன. அராபனா என்ற ஆதிகுடி மக்கள் பல்லாயிரம் வருஷங்களாக அந்த ஊற்றுகளைத் தொட்டுத் தொட்டே நடந்திருக்கிறார்கள். பிறகு வந்தவர்கள் எல்லோரும் அவர்கள் கண்ட வழியில் நடந்தவர்களே.

இதில் நமக்கும் ஓர் உறவு உண்டு. 1866-ல் கராச்சித் துறைமுகத்திலிருந்து நூற்றுக்கு மேற்பட்ட ஒட்டகங்களும், அவற்றை ஓட்ட முப்பது பேர் போலும் இந்தச் சீமையில் வந்து இறங்கினார்கள். ஊரார் அவர்களுக்கு 'ஆப்கானியர்' என்று பெயர் வைத்தார்கள். ஆனால் அவர்களைப் போல வந்தவர்களில் பலர் பலூசிஸ்தானம், சிந்து, பஞ்சாப் பக்கத்து மனிதர்கள். மாரீயில் மண்ணால் ஒரு மசூதி கட்டித் தொழுதார்கள். ரயில் வருமுன் அந்தப் பாலைவனத்துக்கு மாவும் சர்க்கரையும் கொண்டுபோய்ச் சேர்த்தது அவர்களுடைய ஒட்டக வரிசைதான்.

சரி, திட்டத்துக்கு வருவோம். சாப்பாட்டு மேஜையில் படத்தை விரித்து எல்லோரும் உட்கார்ந்தார்கள். சமையல் பொறுப்பு பெண்கள் பக்கம் வந்தது, கேட்க வேண்டுமா? ஆளுக்கு நாளைக்கு 10 லிட்டர் தண்ணீர் என்று கணக்கு. குடிக்க, சமைக்க, கழுவ எல்லாம் அதற்குள். ஒரே பெரிய பீப்பாயில் வைக்கக் கூடாது. அது ஓட்டையானால் எல்லாம் போச்சு. பல கேன்களில், மூன்று வண்டியிலும் பிரித்து வைக்க வேண்டும். ரோடு முழுவதும் துணி துவைக்கும் பலகை மாதிரி வரிவரியாக இருக்குமாம். ஊறுகாய் ஜாடி தாங்காது. ஊறுகாய் பிளாஸ்டிக் டப்பாவுக்கு மாறியது. சாதம் வடிப்பதென்றால் கஞ்சித் தண்ணீர் வீண், ஆகையால் குக்கர். தட்டைக் கழுவுமுன் காகிதத்தால் துடைத்துவிட வேண்டும். மழை பெய்தால் பாதையை மூடிவிடுவார்கள். மூடிய பாதையில் வண்டி விட்டால் அபராதம். அதனால் எங்கே இருக்கிறோமோ அங்கேயே தங்கிவிட, மூன்று நாளைக்கு அதிகப்படி அரிசி பருப்பு.

இதெல்லாம் சுமுகமாகவே முடிந்தது. வேகம் பற்றிப் பேச்சு வந்தபோதுதான் சங்கடம்.

"நாலு நாளில் முடித்துவிடலாம்" என்றார் கோயமுத்தூர் இளைஞர். "தினம் அறுநூறு கிலோமீட்டர் ஓட்டினால் போதும். ஆனால்..." என்று இழுத்தார். அந்த 'ஆனால்' யாரைப் பற்றியது என்று எல்லோருக்கும் புரிந்துவிட்டது. "தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பழைய வண்டி ஒன்று கூட வந்தால் மற்ற இரண்டும் அதற்காகக் காத்துக்கொண்டே இருக்க வேண்டும்."

அவர் கெட்ட மனுஷர் இல்லை. அவருக்கு லீவு நாலு நாள்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தார். மேஜையில் யாரும் பேசவில்லை. யாழ்ப்பாணத்துப் பெரியவர்தான் பேசினார்.

"தம்பி சொல்லுறது சரிதான். நாங்கள் வந்தால் உங்களுக்கெல்லாம் கரைச்சல். நீங்கள் போட்டு வாங்கோ. நாங்கள் நிக்கிறம்."

அவருடைய மனைவி ஒன்றும் சொல்லவில்லை. கையிலிருந்த சாமான் பட்டியலை நாலாக மடித்தாள். இந்தப் பிரயாணத்துக்கென்றே அவள் பீங்கான் பூச்சுப் போட்ட தகரத் தட்டுகள் ஆறு வாங்கி வைத்திருந்தது எனக்குத் தெரியும். ஆபரேஷனுக்குப் பிறகு அவர் இரண்டு வருஷமாக அந்த வண்டியைத் துடைத்துத் துடைத்து வைத்ததும் தெரியும். "அக்கா, இவர் திரும்பவும் ஒரு பயணம் போனால்தான் எனக்கு அவர் சுகமாகிவிட்டார் எண்டு நம்பிக்கை வரும்" என்று ஒருநாள் என்னிடம் சொல்லியிருந்தாள்.

அன்று எங்களோடு பக்கத்து வீட்டு வெள்ளைக்கார அம்மாளும் இருந்தாள். பள்ளிக்கூடத்து ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். காலம் சென்ற கணவரோடு இந்தப் பாதைகளில் பல தடவை வண்டி ஓட்டியவள். அவள் டீயைக் கீழே வைத்துவிட்டு ஒரு கதை சொன்னாள். என் பெண் எனக்குத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாள்.

1860-ம் வருஷம் ஆகஸ்டு 20-ந் தேதி மெல்போர்ன் நகரத்திலிருந்து பர்க் என்பவர் தலைமையில் 19 பேர், கண்டத்தைத் தெற்கிலிருந்து வடக்காகக் கடப்பதற்குப் புறப்பட்டார்கள். 26 ஒட்டகம், 23 குதிரை, 6 வண்டி, ஏறக்குறைய 20 டன் சாமான். அதில் சாப்பாட்டு மேஜையும் நாற்காலியும்கூட உண்டு! ஊரே திரண்டு வழியனுப்பியது. பர்க்குக்கு அவசரம். மெதுவாக வந்தவர்களை வழியில் நிறுத்திவிட்டு முன்னால் போனார். கூப்பர் ஓடை என்ற இடத்தில் மறுபடியும் ஒரு பகுதியை நிறுத்திவிட்டு, மூவரோடு மட்டும் வடக்கே பாய்ந்தார். மூன்று மாதம் காத்திருக்கச் சொன்னார். அவர்கள் நாலு மாதத்துக்கு மேல் காத்திருந்தார்கள். 1861-ம் வருஷம் ஏப்ரல் 21-ந் தேதி காலை, நோயும் பசியும் தாங்காமல், கொஞ்சம் உணவைப் புதைத்து, 'தோண்டு' என்று மரத்தில் செதுக்கிவிட்டுக் கிளம்பினார்கள். அன்று சாயங்காலமே பர்க்கும் மிஞ்சிய இருவரும் தள்ளாடிக்கொண்டு வந்து சேர்ந்தார்கள். ஒன்பது மணி நேர வித்தியாசம்!

இன்னும் கேளுங்கள். உணவைத் தோண்டி எடுத்துக்கொண்டு அவர்கள் வேறு திசையில் போனார்கள். போனதற்கு மேலே ஓர் அடையாளமும் வைக்கவில்லை. காத்திருந்த கூட்டத்தின் தலைவர் மே மாதம் அந்த மரத்துக்குத் திரும்பி வந்து பார்த்தார். யாரும் வரவில்லை என்று எண்ணிப் போய்விட்டார். பர்க்கும் வில்ஸும் இறந்தார்கள். கிங் என்ற ஒருவரைத்தான், யாண்ட்ருவந்தா என்ற ஆதிகுடி மக்கள் சோறு போட்டுக் காப்பாற்றினார்கள்.

"பாலைவனம் அவர்களைக் கொன்றது என்பார்கள்" என்றாள் அம்மாள். "நான் என் பிள்ளைகளுக்கு அப்படிச் சொல்லிக் கொடுக்கவில்லை. வேகமானவர்கள் முன்னால் ஓடியதும், பின்னால் இருப்பவர்களுக்குச் சேதி சொல்லாததும்தான் கொன்றது." பிறகு இளைஞரைப் பார்த்து, "உங்கள் வரிசையில் கடைசி வண்டி யாருடையது?" என்று கேட்டாள்.

"மெதுவாக வருவதுதானே கடைசியில் வரும்?"

"அதுதான் கூடாது. மெதுவான வண்டி நடுவில் போக வேண்டும். வேகத்தை அதுவே தீர்மானிக்கட்டும். எல்லாவற்றையும் விடப் பலமான வண்டி, நல்ல கருவி, நல்ல கை – அது கடைசியில். முன்னே போகிறவன் திரும்பி வந்து உதவ முடியாது. அவனுக்கு ஒன்றும் தெரியாது. பின்னே வருகிறவன் கண்ணில்தான் எல்லாம் படும்."

எனக்கு உடனே ஸ்ரீரங்கத்துச் சித்திரைத் தேர் நினைவுக்கு வந்தது. வடம் பிடிக்க ஆயிரம் பேர் வரலாம். ஆனால் சக்கரத்துக்குக் கட்டை போடுகிறவன் இருக்கிறானே, அவன் கையில்தான் தேர் திரும்புவதும் நிற்பதும். அந்த வேலையை அனுபவசாலியிடம்தான் கொடுப்பார்கள். இதை நான் சொன்னேன். இளைஞர் கொஞ்ச நேரம் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்படியானால் நான்தான் கட்டை போட வேண்டும் என்கிறீர்கள், அத்தை" என்றார். மறுநாளே லீவை எட்டு நாளாக நீட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

அதற்குப் பிறகு திட்டம் தலைகீழாக மாறியது. முதல் இரண்டு நாள் நிதானமாக மாரீ வரை. மூன்றாம் நாள் 130 கிலோமீட்டர்தான். வழியில் கட்டி தண்டா–லேக் ஏர் என்ற உப்பு ஏரியின் தென்பகுதியைக் கரையில் நின்று பார்ப்பது. அது அராபனா மக்களுக்குப் புனிதமான இடம், படுகையில் கால் வைக்கக் கூடாது. ஆஸ்திரேலியாவிலேயே தாழ்வான நிலம். கடல் மட்டத்துக்குச் சுமார் 15 மீட்டர் கீழே! அன்றிரவு கவார்டு ஸ்பிரிங்ஸ் என்ற இடத்தில், பேரீச்ச மரங்களுக்கு நடுவே கூடாரம். வெதுவெதுப்பான ஊற்றுத் தண்ணீரில் காலை நனைத்துக்கொள்ளலாம். நாலாம் நாள் ஊட்னடாட்டா. ஐந்தாம் நாள் ஓய்வு; பெரியவருக்காக என்று யாரும் சொல்லவில்லை, எல்லோருக்கும்தான். ஆறாம் நாள் மார்லா. பிறகு இரண்டு நாள் தார் ரோட்டில் வீடு. இருட்டிய பிறகு வண்டி ஓட்டுவதில்லை. கங்காருவும் மாடும் குறுக்கே வரும்.

புழுதிக்காக வண்டிக்கு வண்டி நிறைய இடைவெளி விட வேண்டுமாம். அப்படி விட்டால் பின்வண்டி கண்ணுக்குத் தெரியாதே? அதற்கு ஒரு விதி: திருப்பம் வந்தால், பின்னால் வருகிற வண்டி தெரிகிறவரை முன்வண்டி அங்கேயே நிற்கும். ஒவ்வொருவருக்கும் தமக்குப் பின்னால் வருபவர் பொறுப்பு. பேசிக்கொள்ள மூன்று வண்டியிலும் சிறு ரேடியோ. பாதையின் பெரும்பகுதியில் கைபேசி வேலை செய்யாது. அதனால் கடைசி வண்டியில் செயற்கைக்கோள் தொலைபேசி ஒன்று. வண்டி பழுதானால் அதை விட்டு யாரும் நடக்கக் கூடாது. ஆகாயத்திலிருந்து தேடுபவர்களுக்கு மனிதனைவிட வண்டிதான் கண்ணில் படும்.

பெரியவரின் டாக்டர் போகலாம் என்று எழுதிக் கொடுத்தார். அவருடைய மனைவிக்கு அப்படியும் மனம் ஆறவில்லை. அப்போது அந்த அம்மாள், பறக்கும் டாக்டர் சேவையைப் பற்றிச் சொன்னாள். 1928-ல் ஜான் ஃபிளின் என்ற பாதிரியார் முயற்சியால் தொடங்கியது; ரோடு இல்லாத இடத்துக்கும் டாக்டர் விமானத்தில் வருவார். அப்போது அழைப்பதற்கு வழி? டிரேகர் என்பவர் தையல் மிஷின் மாதிரி காலால் மிதித்து மின்சாரம் எடுக்கும் ரேடியோ ஒன்று செய்தார். நூறு மைலுக்கு அண்டை வீடு இல்லாத பெண்கள் அதை மிதித்து டாக்டரையும் கூப்பிட்டார்கள், ஒருவருக்கொருவர் குழந்தை நலமும் விசாரித்தார்கள். இன்றைக்கும் அந்தப் பாதையிலுள்ள ஊர்களில் விமானம் இறங்க இடம் உண்டு. யாழ்ப்பாணத்து அம்மாள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, மாத்திரைகளை இரண்டு பொட்டலமாகக் கட்டினாள். ஒன்று தன் வண்டியில், ஒன்று கடைசி வண்டியில்.

கடைசியாக ஒரு காகிதம். யார் யார், எந்த வண்டி, என்ன எண், எந்த ராத்திரி எங்கே தங்குவது, எத்தனை லிட்டர் தண்ணீர் – எல்லாம் என் கையால் எழுதினேன். பெண் அதை இங்கிலீஷில் பெயர்த்தாள். ஆறாம் நாள் மாலை ஆறு மணிக்குள் எங்களிடமிருந்து பேச்சு வராவிட்டால் போலீசுக்குச் சொல்ல வேண்டியது. அந்தக் காகிதம் பக்கத்து வீட்டு அம்மாளின் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டியிருக்கிறது. வழியில் திட்டம் மாறினால் முதலில் அவளுக்குத் தெரிவித்துவிட்டுத்தான் வண்டியைத் திருப்புவது என்று எல்லோரும் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

புறப்பட இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. நேற்றுக் கோயமுத்தூர் இளைஞர் யாழ்ப்பாணத்துப் பெரியவர் வீட்டு வாசலில் முழங்காலிட்டு, பழைய வண்டியின் அடியில் டார்ச் அடித்துக்கொண்டிருந்தார். பெரியவர் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, அந்த வண்டிக்கு வேண்டிய பெல்ட், ரப்பர்க் குழாய், பியூஸ் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு, தம் புது வண்டியின் பெட்டியில் அடுக்கினார். உள்ளேயிருந்து அந்த அம்மாள் ஒரு தகரத் தட்டில் அவருக்கு ரொட்டியும் சம்பலும் கொண்டுவந்து வைத்தாள்.