வண்டியை எங்கே நிறுத்துவது?

சென்ற ஆண்டு எங்கள் துறையில் புதிதாகச் சேர்ந்த இளம் பேராசிரியை ஒருவர், மதியச் சாப்பாட்டு நேரத்தில் என்னிடம் கேட்டார். "மேம், மெயின் பஜாருக்குப் போனா வண்டிய எங்க நிப்பாட்டுறது? ரெண்டு தடவ போயி, இடம் கெடைக்காம திரும்பி வந்துட்டேன்." அவருக்குத் தஞ்சாவூர்ப் பக்கம். விருதுநகருக்கு வந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. எனக்கோ இது பிறந்த ஊர். ஒரு பழைய வினாத்தாளைத் திருப்பிப் போட்டுப் படம் வரைய ஆரம்பித்தேன்.

நடுவில் தெப்பக்குளம். சுற்றிலும் தெருக்கள். பக்கத்தில் தேசபந்து திடல், மெயின் பஜார். வரைந்துகொண்டே சொன்னேன். காலை பத்து மணிக்குள் போய்விட வேண்டும். அதற்கு மேல் சரக்கு வண்டிகளும் சுமை ஆட்டோக்களும் தெருவை எடுத்துக்கொள்ளும். மொத்தக் கடை வாசலில் நிறுத்தவே கூடாது. அப்படியே நிறுத்தினால் ஹேண்டில் லாக் போடக் கூடாது. மூட்டை தூக்குகிறவர்கள் வண்டியை நகர்த்தித்தான் ஆக வேண்டும், முதுகில் பாரத்தோடு சுற்றிப் போக அவர்களால் முடியாது. லாக் போடாத வண்டி பத்தடி தள்ளி நிற்கும், லாக் போட்ட வண்டி படுத்துக் கிடக்கும். வத்தல் கமிஷன் கடைப் பக்கம் நிறுத்தினால் திரும்பி வந்து சீட்டில் உட்காரும்போது தும்மல் வரும், ஒரு துணி வைத்துக்கொள்ளுங்கள். பருப்பும் எண்ணெயும் கடைசியில் வாங்குங்கள், முதலிலேயே வாங்கிவிட்டு அந்தப் பாரத்தோடு ஜவுளிக்கடை ஏறாதீர்கள். எண்ணெய்ப் புரோட்டா வேண்டுமென்றால் சாயங்காலம், ஆனால் பார்சல்.

அவர் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அவசரம்னா எங்க மேம் போறது?" என்றார்.

என் பேனா நின்றுவிட்டது.

பேருந்து நிலையத்தின் கட்டணக் கழிப்பறையைச் சொல்லலாம். இரண்டு கையிலும் பையோடு அங்கே போய், மறுபடி பஜாருக்குத் திரும்பி வர யாருக்குத் தெம்பு இருக்கிறது? கடைசியில் எனக்குத் தெரிந்த உண்மையைச் சொன்னேன். "வீட்ல இருந்து கெளம்பும்போது தண்ணி குடிக்காதீங்க." சொல்லி முடித்ததும்தான் அது என் குரல் இல்லை, என் அம்மாவின் குரல் என்று தெரிந்தது.

நாங்கள் குடியிருந்த தெருவிலிருந்து பஜாருக்கு நடந்தால் ஏழெட்டு நிமிடம். அம்மா அங்கே போனதே இல்லை. மாதச் சாமான் சிட்டையை அம்மா சொல்லச் சொல்ல நான் எழுதுவேன். அப்பா சைக்கிளில் போய் வாங்கி வருவார். வத்தலை உடைத்து மோந்து பார்த்து, இது போன மாதச் சரக்கு என்று அம்மா சொல்லிவிடுவாள். துவரம்பருப்பைக் கையில் அள்ளினாலே எந்தக் கடையில் வாங்கியது என்று தெரியும். அந்தக் கடை எப்படி இருக்கும் என்று தெரியாது. பகலெல்லாம் வீட்டில் தீப்பெட்டி ஒட்டுவாள். அவள் சம்பாதித்த காசும் சிட்டையோடு சேர்ந்து அப்பாவின் சட்டைப் பையில்தான் பஜாருக்குப் போனது.

அப்பா இறந்து ஒரு வருடம் கழித்து அம்மாவை என் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார வைத்துக் கூட்டிப் போனேன். அப்போது அவளுக்கு அறுபது தாண்டியிருந்தது. வண்டியை நிறுத்தியதும் இறங்கிச் சுற்றிலும் பார்த்துவிட்டு, "இம்புட்டுப் பக்கத்துலயா இருக்கு?" என்றாள்.

அன்றைக்கு மூன்று மணி நேரம் சுற்றினோம். எல்லாக் கடையிலும் ஏறி எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்தாள். பன்னிரண்டு மணி வாக்கில் கண்ணை இருட்டிக்கொண்டு வருகிறது என்றாள். காலையிலிருந்து ஒரு வாய்த் தண்ணீர் குடிக்கவில்லை. "குடிச்சா எங்கம்மா போறது?" ஒரு கடைப்படியில் உட்கார வைத்தேன். கடைப்பையன் மரியாதையாகத்தான் சொன்னான். "பாட்டி, ஆளுக ஏறி எறங்குற வழி, செத்தத் தள்ளி உக்காருங்க." தள்ளி உட்கார எங்கே இடம்? அம்மா எழுந்து வந்து என் ஸ்கூட்டரில் சாய்ந்து நின்றாள். நான் பெட்டிக்கடைக்கு ஓடிச் சோடா வாங்கி வந்தேன். அன்று இரவு படுக்கும்போது கேட்டாள்: "திரும்ப எப்ப போவோம்?"

இந்த ஊரின் பழைய கதையைப் பிற்பாடு படித்தபோது, அம்மா சாய்ந்து நின்ற அந்த வண்டிதான் எனக்கு நினைவுக்கு வந்துகொண்டே இருந்தது. 1923-இல் விருதுநகர் ஆவதற்கு முன்பு இது விருதுபட்டி. பத்தொன்பதாம் நூற்றாண்டில் விருதுபட்டி, சிவகாசி, சாத்தூர், அருப்புக்கோட்டை, பாளையம்பட்டி, திருமங்கலம் ஆகிய ஆறு ஊர்களில் காலூன்றிய நாடார் வணிகர்கள் மாட்டு வண்டிகளில் சரக்கேற்றிக்கொண்டு போனார்கள். வழியெல்லாம் கொள்ளைப் பயம். வண்டியும் மாடும் மூட்டையும் பத்திரமாக நிற்க மதில் சூழ்ந்த வளாகங்களைக் கட்டினார்கள். அவைதாம் பேட்டைகள். செலவுக்கு ஒவ்வொரு வணிகரும் வியாபாரத்தில் ஒரு பங்கை ஒதுக்கினார்கள். அதற்கு மகமை என்று பெயர். கோயிலுக்குள் நுழைய விடாமல் ஒதுக்கி வைக்கப்பட்ட மக்கள், கூடிக் காசு போட்டுத் தாங்கள் நிற்பதற்கான இடத்தைத் தாங்களே உண்டாக்கிக்கொண்டார்கள். வண்டி நிறுத்துமிடத்தைச் சுற்றி வளர்ந்த ஊர் என்று எங்கள் ஊரைச் சொன்னால் அது வேடிக்கைப் பேச்சு இல்லை.

மகமை கடையிலிருந்து வந்தது. இன்னொன்று அடுப்படியிலிருந்து வந்தது. 1889-இல் இங்கே தொடங்கிய க்ஷத்திரிய வித்யாசாலைப் பள்ளி, வீடு வீடாகத் திரட்டிய பிடி அரிசியால் நடந்தது. காமராசர் படித்தது அந்தப் பள்ளியில்தான். உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியை எடுத்து வேறு பானையில் போட்டது யார்? பெண்கள்தான். அந்தப் பிடியைத் தன் பங்கிலிருந்து எடுத்தாளா, பிள்ளைகளின் பங்கிலிருந்து எடுத்தாளா என்று எந்தக் கணக்கிலும் இல்லை. மகமைக்குக் கணக்கு நோட்டு உண்டு, பிடி அரிசி போட்டவளுக்குப் பெயர் இல்லை. ஊரின் பொது இடங்களைக் கட்டியதில் பாதிக் கை அவளுடையது. அவளுக்கு அதில் உட்கார ஒரு திண்ணை இல்லை.

தேசபந்து திடலைத் தாண்டும்போதெல்லாம் சங்கரலிங்கனாரை நினைத்துக்கொள்வேன். சென்னை மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பெயர் வைக்கச் சொல்லி 1956-இல் எழுபது நாட்களுக்கு மேல் உண்ணாவிரதம் இருந்து உயிர்விட்டவர். அவர் உடம்பு அந்தத் திடலில் கிடந்ததால் அது அரசியல் ஆயிற்று. அதே திடலின் ஓரத்தில் ஒரு பெண் தண்ணீர் குடிக்காமல் மூன்று மணி நேரம் நின்றால் அது அவளுடைய சொந்த விஷயம். அவளும் ஒரு வகையில் உண்ணாமல்தான் இருக்கிறாள். என்ன கேட்கிறாள் என்று மட்டும் யாரும் எழுதி வைக்கவில்லை.

வகுப்பில் சிலப்பதிகாரம் நடத்தும்போது மாணவிகளிடம் ஒன்று கேட்பேன். மதுரைக் கடைவீதியைச் சுற்றிப் பார்த்தது யார்? கோவலன். அந்த நேரத்தில் கண்ணகி எங்கே இருந்தாள்? ஊருக்கு வெளியே. அவள் மதுரைத் தெருவுக்கு வந்தபோது கையில் ஒற்றைச் சிலம்பு இருந்தது, கணவன் உயிரோடு இல்லை. ஊர் சும்மா இருக்கும் ஒரு நாளில் சும்மா வந்து, வளையல் கடையைப் பார்த்துவிட்டு, கால் வலித்தால் உட்கார்ந்து எழுந்து போக அவளுக்கு வாய்க்கவே இல்லை. "நமக்கு மட்டும் வாய்ச்சிருக்கா மேம்?" என்று ஒருமுறை பின் பெஞ்சிலிருந்து ஒருத்தி கேட்டாள்.

வருடத்தில் சில நாட்கள் வாய்க்கிறது. பங்குனிப் பொங்கல் வந்தால் தெருக்களில் வண்டி ஓடாது. மாரியம்மனுக்கு அக்கினிச் சட்டி எடுக்கும் பெண்கள், பார்க்க வந்த பெண்கள், பொருட்காட்சிக்குப் போகிற பெண்கள் என்று நடு ராத்திரியிலும் தெரு முழுக்கப் பெண்கள்தான். கடைப்படியில் உட்கார்ந்திருப்பார்கள், அங்கேயே பிள்ளைக்குச் சோறு ஊட்டுவார்கள். யாரும் தள்ளி உட்காரச் சொல்வதில்லை. அம்மன் பேரைச் சொல்லிக் கிடைத்த இடம் திருவிழா முடிந்ததும் போய்விடும். மறுநாள் அதே படியில் பைக் நிற்கும்.

வெளியூரிலிருந்து யாராவது வந்தால் சிவகாசிக்கும் போக வேண்டும் என்பார்கள். அதற்கும் வழி சொல்கிறேன். ஆமத்தூர் வழியாகப் போகும் சாலையிலேயே பட்டாசுக் கடைகள் தொடங்கிவிடும். தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் போகாதீர்கள், காரை நிறுத்தவே அரை நாள் ஆகும். பெட்டியில் அச்சடித்த விலையையும் போர்டில் எழுதிய தள்ளுபடியையும் நம்பாதீர்கள், கையிலிருந்து போகும் தொகையை மட்டும் நான்கு கடையில் ஒப்பிட்டுப் பாருங்கள். ஆன்லைனில் பட்டாசு விற்பதை உச்ச நீதிமன்றம் 2018-இலேயே தடுத்திருக்கிறது, செல்போனில் வரும் விளம்பரத்துக்குப் பணம் அனுப்பாதீர்கள். ரயிலிலும் பேருந்திலும் பட்டாசு கொண்டு போகக் கூடாது. வாங்கியதைக் காரில் வைத்து வெயிலில் நிறுத்திவிட்டுச் சாப்பிடப் போகவும் கூடாது.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். சிவகாசியைப் பார்க்க வேண்டுமானால் சனிக்கிழமை சாயங்காலம் பாருங்கள். பட்டாசு ஆலைகளில் வாரச் சம்பளம் போடும் நாள். வேலை விட்ட பெண்கள் பஜாரில் இறங்குவார்கள். 2021 மே மாதத்திலிருந்து சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லாததால், முன்பு ஊரிலேயே இறங்கிவிட்டவர்களும் இப்போது பஜார்வரை வருகிறார்கள். நகத்தோரம் அலுமினியப் பவுடர் மினுங்கும் கைகள் ரூபாய் எண்ணிக் கொடுக்கும். இந்தக் கைகள் என் அம்மாவுக்குக் கிடைக்காததைச் செய்கின்றன. தான் சம்பாதித்ததைத் தானே செலவழிக்கின்றன.

அப்படி ஒரு சனிக்கிழமை. ஜவுளிக்கடைக்கு எதிரே நிறுத்தியிருந்த ஸ்கூட்டரை எடுக்கப் போனேன். பக்கத்தில் இரண்டு பைகளோடு ஓர் அம்மா நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் சிரித்தார். "டீச்சர், ஒங்க வண்டியா? நம்ம புள்ள ஒங்ககிட்டத்தான் படிக்குது." இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தியின் அம்மா. மகளுக்குச் சுடிதார் எடுத்திருந்தார். பேருந்துக்கு இன்னும் நேரம் இருந்தது. கொஞ்சம் தயங்கிவிட்டுக் கேட்டார்: "நீங்க கெளம்புறவரைக்கும் வண்டியில செத்த ஒக்காந்துக்கிறவா? காலைல இருந்து வேலை, முட்டி கெஞ்சுது."

"உக்காருங்கக்கா. எனக்கு அவசரம் இல்ல" என்றேன்.

சைடு ஸ்டாண்டில் சாய்ந்திருந்த வண்டியை நேராக்கி, சென்டர் ஸ்டாண்டில் போட்டேன். அவர் ஏறி உட்கார்ந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, காலைத் தொங்கப் போட்டுக்கொண்டார். பைக்குள்ளிருந்து சுடிதாரை எடுத்து நிறம் நன்றாக இருக்கிறதா என்று கேட்டார். மகள் படித்து முடித்ததும் வாத்தியார் வேலைக்குப் போவாளா என்று கேட்டார். ஆலையில் ஓர் அறைக்குள் எத்தனை பேர் உட்காரலாம் என்று விதி இருக்கிறதாம். "அதுக்கு மேல ஒரு ஆள் வந்து ஒக்காந்தாலும் எனக்கு வயித்தக் கலக்கிரும் டீச்சர்" என்றார். 2012 செப்டம்பர் 5 எனக்கு நினைவு வந்தது. கல்லூரியில் ஆசிரியர் தின விழா நடந்துகொண்டிருந்த அன்றுதான் முதலிப்பட்டி ஆலை வெடித்து முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். மேடையில் பாட்டு ஓடிக்கொண்டிருக்க, செல்போனைப் பார்த்த மாணவிகள் ஒவ்வொருத்தியாக அரங்கத்தை விட்டு எழுந்து ஓடினார்கள். ஒரு பெண் உட்கார எவ்வளவு இடம் வேண்டும் என்று அரசாங்கம் அளந்து எழுதியிருப்பது வெடிமருந்துக்குப் பக்கத்தில் மட்டும்தான். அதையும் மீறினால் உயிர் போகிறது. அவள் சம்பளத்தோடு பஜாருக்கு வரும்போது அந்த அளவை யாரும் கேட்பதில்லை.

இருபது நிமிடம் பேசிக்கொண்டிருந்தோம். பேருந்து வந்தது, போனார்.

இளம் பேராசிரியைக்கு அந்தப் படத்தைத் திரும்ப வரைந்து கொடுத்தேன். இந்த முறை வண்டி நிறுத்தும் இடங்களோடு வேறு மூன்று புள்ளிகளையும் வைத்தேன். என் பெரியம்மா மகள் வீடு, எனக்கு ஜாக்கெட் தைக்கும் அக்காவின் கடை, ஏதாவது வாங்கினால் மாடிக் கழிப்பறையின் சாவி தரும் ஒரு ஜவுளிக்கடை. மூன்றும் பழக்கத்தால் கிடைத்தவை. உரிமையால் கிடைத்தது ஒன்றுகூட இல்லை. அவர் படத்தைப் பார்த்துவிட்டு, "இத வச்சே ஒரு மனு எழுதலாமே மேம்" என்றார். எழுதிக்கொண்டிருக்கிறோம். பஜாரில் பெண்களுக்குக் கழிப்பறை, குடிக்கத் தண்ணீர், நிழலில் பத்துப் பேர் உட்காரும் பெஞ்சு. மாணவிகள் வீட்டுக்கு வீடு கையெழுத்து வாங்குகிறார்கள். அம்மாவிடம் நீட்டியபோது, தன் பெயரைத் தானே எழுதிவிட்டு, "பெஞ்சுக்குச் சாய்மானம் இருக்கணும்னு போடு" என்றாள். சேர்த்துக்கொண்டோம்.

மனு போய்ச் சேரும்வரை ஒன்று மட்டும் செய்கிறேன். பஜாரில் நிழல் விழும் பக்கமாகப் பார்த்து, சென்டர் ஸ்டாண்டில் போட்டு வண்டியை நிறுத்துகிறேன். கடை முடிந்து திரும்பி வரும்போது யாராவது ஓர் அம்மா அதில் உட்கார்ந்திருந்தால், அடுத்த கடைக்குப் போய்விட்டு வருகிறேன்.